அஜந்தனின் மிச்ச டின்

நான் தேநீருக்குச் சீனி போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் சேர். உடம்புக்குள் எதைப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். கண்டி மஹய்யாவையில் என் ஜிம்முக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

அவர்கள் கேட்பதில்லை. கொழும்பிலிருந்து நல்ல புரோட்டீன் மா வரவழைத்தேன். "இது பால்மா, மாஸ்டர். எங்க பாப்பாவுக்குக் குடுங்க" என்று சிரித்தார்கள். குடித்தவுடன் காது சூடேற வேண்டும், கை நடுங்க வேண்டும். இல்லாவிட்டால் போலி என்பார்கள். நல்ல சரக்கைப் போலி என்றால் எத்தனை நாள் பொறுப்பது?

ஆகவே டின்களைத் திறந்து ஒரு வெள்ளைத் தூளைக் கலந்தேன். மூடிக்குக் கீழுள்ள தாளை இஸ்திரிப் பெட்டியால் மறுபடி ஒட்டினேன். சுத்தமான வேலை. முதலில் நானே குடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. அதன்பின் நான் தொடவில்லை. எனக்கு வயது நாற்பத்தாறு. அவர்கள் இளைஞர்கள்.

அந்தப் பையன்களில் அஜந்தன் மாகாணப் பளுதூக்கும் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், படுத்தாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"அடிக்காம நின்னாத்தான்டா பயப்படணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து இரண்டு கரண்டி போட்டான். நான் தடுக்கவில்லை. அவன் தூக்கும் எடை ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு காலை, பல் துலக்கும்போது விழுந்தான். எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அவன் அம்மா வடிவம்மா திருஷ்டி என்றாள். "அந்தத் தோளை ஊரே பாத்துச்சு, மாஸ்டர்." ஆமாம் என்றேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அவனுடைய பொருள்களைப் பங்கிட்டாள். சட்டைகள் மாமன் மகனுக்கு, சப்பாத்து பக்கத்து வீட்டுக்கு. அவன் குடித்துவந்த டின்னைத் துடைத்து, மூடியை இறுக்கி, ஜிம்முக்குக் கொண்டுவந்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

"அவன் வயசுப் புள்ள யாராச்சும் குடிக்கட்டும், மாஸ்டர். அவன் குடிச்ச மாதிரி இருக்கும்."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கொட்டியிருக்கலாம். கை கழுவும் பேசின் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் அவள் வாசலிலேயே நின்றாள். பயிற்சி செய்துகொண்டிருந்த ரவிகுமாரைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே கொடுக்கச் சொன்னேன். அவன் குனிந்து இரு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நேற்று அவனும் போய்விட்டான் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சேர். அவள் மனதை நோகடிக்க என்னால் முடியாது.