கிருத்திகைக்குக் கிருத்திகை வருகிறவன்

— காலைல ஆறு அம்பதுக்கு ரயில்க்கா. நாளைக்கு இந்நேரம் நான் மெட்ராஸ்ல இருப்பேன்.

— அத நாளைக்குப் பாக்கலாம் ஜாஹித்து. மொதல்ல உள்ள வா. செருப்பை வாசல்ல வுடாத, காவடிக் கூட்டம் ஆளுக்கொரு செருப்பை மாத்திப் போட்டுகினு போவுது. லேப்டாப் எடுத்தாந்தியா?

— ஆங். நீதான் கண்டிப்பா எடுத்துகினு வான்னு சொன்னியே. எதுக்குக்கா?

— இன்னிக்குக் கிருத்திகை. விஷ்ணு வர்ற நாளு. மூணு வருஷமா கிருத்திகை தவறாம ஓடியாந்து, "வரலட்சுமி அக்கா, உன் தம்பி நெட்டுல வந்தான், போயிட்டான்"னு சொல்லிகினு இருக்க. ஒருவாட்டி நானும் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்.

— நெஜமாவா? இத்தினி நாளு நீ கூப்ட்டதே இல்லியே.

— இத்தினி நாளு நீ கடையை மூடிட்டு ஊரை வுட்டுப் போறேன்னு சொல்லலியே நைனா. உக்காரு. மோர் குடிக்கிறியா?

— வாணாம்க்கா. தறி ஓடாம உங்க வீடே வேற வீடு மாதிரி இருக்கு. மலை மேல மணி அடிக்கறது இங்க கேக்குது பாரு. இத்தினி வருஷம் வந்துகினு போயிகினு இருக்கேன், ஒருநாளும் கேட்டதில்ல.

— இன்னிக்கு மட்டும் தறிக்கு லீவு வுட்டுட்டேன். சுஹானா இன்னா சொன்னா?

— அழுதா.

— ஏழு மாசம் வயித்துல வெச்சுகினு அழாம இன்னா பண்ணுவா?

— எங்கப்பா பாத்துக்குவாரு. கடை சாவியைக் காலைல ஓனர்கிட்ட குடுத்துட்டுக் கெளம்பறேன். மெட்ராஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டர்ல வேலை சொல்லி வெச்சிருக்கேன். பகல்ல வேலை, சாயங்காலம் ஆனா அவனைத் தேடறேன்.

— உங்கப்பா முக்தார் பாய்க்கு ஷெட்ல ஸ்பேனர் புடிக்கவே பொழுது பத்தல. அவரு பாத்துக்குவாராம். சரி, அவ்ளோ பெரிய ஊர்ல எங்கன்னு தேடுவ?

— தெருத்தெருவா. அவன் அங்கதான்க்கா இருக்கான். வர்றப்போ எல்லாம் ஊர் பேரு சென்னைன்னுதான் காட்டுது.

— உன் கடையை எந்த ஊருன்னு காட்டும்?

— அது... அதையும் சென்னைன்னுதான் காட்டும். அரக்கோணம், கே.ஜி.கண்டிகை, எல்லாமே அதுக்கு சென்னைதான்.

— அப்போ?

— அப்போன்னா? சென்னையில இருக்கக் கூடாதா? கிருத்திகைக்குக் கிருத்திகை வேற எவன்க்கா வருவான்? இருவத்தேழு நாளைக்கு ஒருவாட்டி, பொழுது சாயற நேரமாப் பாத்து, ஒரு இருவது நிமிஷம். கொஞ்சூண்டு குடுத்துட்டுப் போயிடறான். இந்த ஊர்ல பொறந்து வளந்தவனைத் தவிர அந்தக் கணக்கு எவனுக்குத் தெரியும்?

— கோச்சுக்காத. எனக்கு எத்தினி வாட்டி சொன்னாலும் மனசுல நிக்க மாட்டேங்குது. அவன் குடுக்கறான், நீ வாங்கற. திருட்டுப் படம் மாதிரியா?

— அய்யோ, திருட்டு கெடயாதுக்கா. எடுத்தவனே குடுத்தது. "முந்நூத்தி அறுவத்தாறாவது படி"யை எந்தத் தியேட்டர்காரனும் வாங்கல, எந்த டிவிக்காரனும் வாங்கல. அப்போ விஷ்ணுவே நெட்டுல போட்டு, கீழ சட்டப்படி எழுதியும் வெச்சான்: யார் வேணா எடுத்துக்கோ, பாரு, அடுத்தவனுக்கும் குடு, என் பேரை மட்டும் அழிச்சிடாத. இதுல படம் ஒரே எடத்துல இருக்காது. துண்டு துண்டா, வாங்கினவன் வீட்ல எல்லாம் இருக்கும். என்கிட்ட இல்லாத துண்டு உன்கிட்ட, உன்கிட்ட இல்லாதது இன்னொருத்தன்கிட்ட. கம்பெனி இல்ல, ஆபீஸ் இல்ல. மெஷினை அணைக்காம வெச்சிருக்கிற ஆளுங்கதான் தியேட்டரு.

— பாவுக்கு இழை பிரிச்சுக் குடுத்த மாதிரி. வீட்டுக்கு நாலு இழை.

— ஆங், அதேதான். முப்பத்தோரு பேரு இருக்கோம். மலேசியால நாலு பேரு, யாழ்ப்பாணத்துல ஒரு ஆளு, பாரீஸ்ல ரெண்டு. பிரேசில்ல ஒருத்தன் இருக்கான்க்கா, தமிழ் தெரியுமோ தெரியாதோ, மூணு வருஷமா அவனும் மெஷினை அணைக்கல. இங்க பொழுது சாயறப்போ அவனுக்குக் காலைல. பல்லை வெளக்கிட்டு வந்து நம்ம மலைப் படியைப் பாப்பான் போல.

— அவனுக்கு இன்னா தெரியும் நம்ம படியைப் பத்தி?

— எனக்கும் அதான் ஆச்சரியம். மத்தியானம் கடையில கண்ணசந்தா எனக்கு ஒரு கனா வருதுக்கா. முப்பத்தோரு பேரும் படியில உக்காந்துகினு இருக்கோம். ஒவ்வொருத்தன் மடியிலயும் கொஞ்சம் கொஞ்சம் படம், பூ மாதிரி. கீழ ஊரே தெரியல, மஞ்சளா வெளிச்சம் மட்டும் இருக்கு. மேல இருந்து ஒருத்தன் எறங்கி வருவான்னு எல்லாரும் அண்ணாந்து பாத்துகினு இருக்கோம்.

— மேல இருந்து வர்றவன் யாரு?

— முழுப் படமும் வெச்சிருக்கிறவன். அவன் நெட்டுல போட்ட பத்தாம் நாளே வீட்டை வுட்டுப் போயிட்டான் இல்ல? அதுக்குள்ள முழுசா யாருக்கும் போய்ச் சேரல. கிருத்திகைக்குக் கிருத்திகை சொட்டு சொட்டா வாங்கி, முப்பத்தோரு பேரும் இப்போ தொண்ணூத்தேழு பர்சென்ட்ல நிக்கறோம். மிச்சம் மூணு எங்க யார்கிட்டயும் கெடயாது.

— மூணுதானே. போனா போவுதுன்னு வுட்டுத் தொலையேன்.

— அந்த மூணுலதான் கடைசி சீன் இருக்குக்கா.

— அதுல அப்டி இன்னா இருக்கு?

— உன் தம்பிதானே, உனக்குத் தெரியாததா. பிப்ரவரி இருவத்தொம்போதுல பொறந்தவன். மலைக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு படி, நாளுக்கொரு படி, என் நாளுக்கு மட்டும் படி இல்லியேன்னு சின்னதுல இருந்தே பொலம்புவான். அதையே படமா எடுத்தான். அந்தப் படியைத் தேடிகினு ஒருத்தன் ஏறிகினே இருக்கான். கடைசில ஒம்போது நிமிஷம் பேச்சே கெடயாது. பொழுது சாயுது, நான் புடிச்ச சத்தம் மட்டும் வருது. எனக்குப் போட்டுக் காட்டறப்போ நான் பாதில எழுந்துட்டேன். "இழுக்குதுடா, வெட்டிடு. இதை எவன் பாப்பான்?"னு கேட்டேன். சிரிச்சான். அப்புறம் அவனை நான் பாக்கவே இல்ல.

— நீ சொன்னதுக்காகப் போகல நைனா. அவனுக்கு இந்த ஊரு பத்தல. வெச்சிட்டுப் போன சீட்டுலயும் அதான் எழுதியிருந்தான்: தேடி வராதீங்க, நல்லா இருப்பேன்னு.

— உனக்குத்தான் சீட்டு எழுதினான். எனக்கு எழுதலியே. அந்த ஒம்போது நிமிஷத்தை வெட்டினானா, வெச்சிருக்கானான்னு தெரியணும்க்கா. அவனைப் பாத்தா மொதல்ல அதைத்தான் கேப்பேன்.

— அவன் போனதுக்கு அப்புறம் ஆறு மாசம் நீ இருந்த இருப்பு எனக்கு மறக்கல. கடையைத் தொறக்கல. தாடி மழிக்கல. படியிலயே உக்காந்துகினு இருப்ப. சோறு எடுத்தாந்து குடுத்தா ஈ மொய்க்கும், நீ தொட மாட்ட. சுஹானா என் கையைப் புடிச்சிகினு, "இவரும் போயிடுவாருக்கா"ன்னு அழுதா. அப்புறம் ஒரு கிருத்திகை, "அக்கா, அவன் வந்துட்டான்"னு மூச்சு வாங்க ஓடியாந்த பாரு. அன்னிக்கு இங்க உக்காந்து நாலு தோசை துன்ன.

— அஞ்சு.

— அஞ்சு. மணி இன்னா ஆச்சு?

— ஆறேகால். அவன் வர்ற நேரந்தான். இரு, என் போன்ல இருந்து நெட்டைப் போட்டுடறேன்.

— போன்ல வாணாம். இத்தினி கூட்டத்துல டவர் எங்க கெடைக்கும்? எங்க வீட்டு நெட்டையே போடு. நீ மாட்டிக் குடுத்ததுதானே.

— ஆங், அதுவும் சரிதான். போட்டுட்டேன். இங்க பாரு, முப்பது பேரும் இருக்காங்க. மேல இருந்து வர்றவரைத்தான் காணோம்.

— பாத்துகினு இரு. நான் மாடிக்குப் போயி விஷ்ணு ரூம் மெயின் சுவிட்சைப் போட்டுட்டு, முருகருக்கு விளக்கு ஏத்திட்டு வந்துடறேன்.

— இன்னுமா அந்த ரூமுக்கு மெயினை அணைச்சே வெச்சிருக்க?

— தறி வீடு நைனா, பஞ்சு பறக்குது. ஆளில்லாத ரூம்ல கரண்ட் எதுக்கு? கிருத்திகைக்குப் போடறது, அப்புறம் அணைச்சிடறது.

— சரி, பாத்துப் போ. படி வழுக்கும்.

— ஜாஹித்து, மேல இருந்து பேசறேன். கேக்குதா?

— கேக்குது.

— யாராச்சும் வந்தாங்களா?

— இல்லக்கா. பிரேசில்காரன் கூட சும்மாதான் இருக்கான். இன்னிக்கு வரமாட்டானோன்னு பயமா இருக்கு. நான் கெளம்பறது தெரிஞ்சு போச்சோ இன்னாவோ... அக்கா! அக்கா, வந்துட்டான்!

— கத்தாத. திரி ஏத்திகினு இருக்கேன்.

— முழுசோட வந்திருக்கான்க்கா! அய்யோ, இன்னா இது, இப்டி ஓடுது! எப்பவும் எறும்பு ஊர்ற மாதிரிதான் வரும். இன்னிக்கு ஏரி மதகைத் தொறந்து வுட்ட மாதிரி வருது. தொண்ணூத்தெட்டு. எறங்கி வாக்கா, தொண்ணூத்தொம்போது!

— வந்துகினே இருக்கேன். முட்டி வலிக்குது, ஓட முடியுமா?

— நூறு.

— முடிஞ்சிடுச்சா?

— முடிஞ்சிடுச்சு. மூணு வருஷமா காத்துகினு இருந்தது மூணு நிமிஷத்துல... இரு, கடைசிக்குப் போறேன். பாரு. படி. பொழுது சாயுது. அக்கா, வெட்டலக்கா.

— வெட்டலியா?

— ஒம்போது நிமிஷமும் அப்டியே இருக்கு. கேக்குதா? அந்தக் காக்கா. பூக்காரம்மா தண்ணி தெளிக்கற சத்தம். தூரத்துல ரயிலு. வியர்வை வழிய மைக்கைப் புடிச்சிகினு நின்னேன்க்கா அன்னிக்கு. இன்னா அழகா இருக்கு. இதையா வெட்டச் சொன்னேன்? தோ, பேரு போடறான்.

— எனக்குக் கண்ணாடி இல்ல. நீயே படி.

— "ஒலி: ஜாஹித். வெட்டச் சொன்னவனும் இவனே." யா அல்லா.

— அழு. நல்லா அழுதுடு. நானும் அழறேன்.

— சிரிச்சுகினே எழுதியிருப்பான்க்கா, திருட்டு ராஸ்கல். நான் நாளைக்கு வரைக்கும் இருக்க மாட்டேன். இன்னிக்கே ரயில் ஏறிடறேன்.

— ஏறலாம். அதுக்கு முன்னாடி, குடுத்தவன் எந்த ஊர்ல இருந்து குடுத்தான்னு ஒருவாட்டி பாரேன்.

— சென்னைன்னுதான்... இல்ல. ஊர் பேரே இல்ல, காலியா இருக்கு. நம்பரும் வேற மாதிரி... அக்கா.

— சொல்லு.

— இது வெளிய இருந்து வரல. ஒரே வீட்டு நெட்டுல இருக்கிற மெஷினுக்குத்தான் இந்த நம்பரு வரும். என் லேப்டாப்புக்குப் பக்கத்து நம்பரு இது. மாடில அவன் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா?

— போர்வை போட்டு மூடி வெச்சிருக்கு.

— ஒயரைப் புடுங்கலியா?

— அவன் மாட்டிட்டுப் போனதை நான் எதுக்குப் புடுங்கணும்?

— கரண்ட் வந்தா தானா எழுந்துக்கற மாதிரி வெச்சிருந்தான். கரண்ட் கட் ஆயி வந்தாலும் படத்தைக் குடுத்துகினே இருக்கணும்னு. அப்புறம் உன் சேலை போட்டோ வாட்ஸப்ல போகலன்னு நீ கத்தினதுக்கு, வெளிய போறதை மட்டும் சொட்டு சொட்டா போற மாதிரி மாத்தினான். வீட்டுக்குள்ள அந்தத் தடை கெடயாது. அதான் இன்னிக்கு இந்த ஓட்டம் ஓடிச்சு. அப்போ மெட்ராஸ்ல யாரும் இல்லியாக்கா?

— எங்கயாச்சும் இருப்பான் நைனா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா நெட்டுல வந்தது அவன் இல்ல.

— மூணு வருஷமா நான் யாரைப் பாத்து சந்தோஷப்பட்டேன்?

— சந்தோஷப்பட்டியா இல்லியா? அது பொய்யில்லியே. சாவியைக் குடுத்துடாத. காலைல கடையைத் தொற. இப்பவே சுஹானாவுக்குப் போனைப் போட்டு சொல்லு.

— சொல்றேன். சொல்றேன்க்கா. அட, இங்க பாரேன்.

— இன்னா?

— என்கிட்ட முழுசா இருக்குன்னு தெரிஞ்சு, எல்லாரும் என்கிட்ட இருந்து எடுக்கறாங்க. மலேசியா தொண்ணூத்தெட்டு. யாழ்ப்பாணத்து ஆளு தொண்ணூத்தெட்டு. பிரேசில்காரன் தொண்ணூத்தொம்போதுக்குப் போயிட்டான். ஒவ்வொருத்தனா ஏறிகினு இருக்கான்க்கா. எவன் பாப்பான்னு கேட்டேனே நான்.

— ஏறட்டும். நீயும் அணைக்காத. மாடி மெயினை நானும் இனிமே அணைக்கல. பஞ்சை தினம் பெருக்கித் தள்ளிக்கறேன்.

— பாவம்க்கா நீ. நானாச்சும் மெஷின்காரன், மோப்பம் புடிச்சிருக்கணும். நீ பாட்டுக்கு விளக்கேத்த மெயினைப் போட்டிருப்ப, போர்வைக்குள்ள அது பாட்டுக்கு எழுந்திருக்கும், அங்க கடையில நான் பைத்தியக்காரன் மாதிரி ஆடியிருப்பேன். உனக்கு இது எதுவுமே தெரியாது.

— அடப்போ நைனா. எண்ணெ விளக்கை ஏத்த எவளாச்சும் மெயினைப் போடுவாளா?