காது உதிராத முயல்

— எட்டு மாவு முயல் எண்ணெயில போட்டேன்யா. ஏழுக்குக் காது உதிர்ந்துபோச்சு. இது ஒன்னு மட்டும் ரெண்டு காதையும் தூக்கிக்கினு மிதக்குது. இன்னா மாயம் இது?

— கொத்தனாரக் கட்டிக்கினு மாயம்னு பேசலாமா சவுரி? காது செங்கல்லு, ஒட்டுற எடம் சாந்து. சாந்து சரியில்லன்னா செவுரு நிக்காது. எண்ணெ ரொம்பக் காஞ்சிருக்கும்.

— அடுப்பத் தணிச்சுட்டு யானையப் போட்டேனே. தும்பிக்கை தனியா வெந்துச்சு.

— அப்ப தடிப்பா வெச்சிருப்ப. உள்ள ஈரம், வெளிய மொறுமொறுப்பு, அதான்…

— தடிப்பாவும் வெச்சேன், மெல்லுசாவும் வெச்சேன். ஒவ்வொன்னும் கோலிகுண்டு அளவு, இதுல தடிப்பு இன்னா? கேப்பை மாவுய்யா இது. யுத்தம் வந்ததிலருந்து திண்டிவனம் கடையில மைதா கண்ணுல பட்டுச்சா?

— சரி, காது இல்லன்னா இன்னா, ருசி ஒன்னுதான?

— காது இல்லன்னா முயல் எது, பூனை எது? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்மஸ் விருந்துல புள்ளைங்க கண்ணக் கட்டிக்கினு பானையில கைய விட்டு, தடவியே இன்ன மிருகம்னு சொல்லணும். சரியாச் சொன்னா வாயில போட்டுக்கலாம். டீச்சரம்மாகிட்ட நானே போயிக் கெஞ்சி வாங்கின ஆட்டம். ஆடியில அம்மை போட்டுக் கண்ணு போனதிலருந்து நம்ம அம்மணி வாசல் தாண்டல. இந்த ஒரு ஆட்டமாவது…

— எனக்கும் துணி கட்டுவீங்களாம்மா?

— அம்மணி! எப்படிடி வந்த?

— மோந்துக்கினே வந்தேன். எனக்குக் கட்டினா துணி தண்டம்.

— பாத்தியா சவுரி, எம்பொண்ணுக்கு வாயி மட்டும் குறையல.

— நான் போவல நைனா. ஜெயிச்சாக்கா, பாவம் அவளுக்குன்னே வெச்ச ஆட்டம்பாங்க. தோத்தாக்கா, இதுகூடத் தெரியலம்பாங்க.

— உனக்காகன்னு ஒருத்தருக்கும் தெரியாதுடி கண்ணு.

— எனக்குத் தெரிஞ்சிபோச்சே.

— விடு சவுரி, அழாத. அம்மணி, போவ வேணாம். ஆனா இந்த முயலுக்கு ஒரு நாயம் சொல்லிட்டுப் போ, எனக்கு மண்டை கொடையுது. இந்தா, இது காது வெச்சது. இது மொட்டை. ஒரே மாவு, ஒரே எண்ணெ.

— ஒரே மாவு இல்ல நைனா.

— பாத்தா ஒன்னாத்தான இருக்குது?

— பாத்தா இருக்கும். மொட்டை சொரசொரன்னு மணலாட்டம் இருக்கு. காது வெச்சது வழவழன்னு இருக்கு. அம்மா, இதுக்கு இன்னா தண்ணி ஊத்தின?

— எல்லாத்துக்கும் வெல்லம் கரைச்ச பச்சத்தண்ணிதான்… இரு இரு. கடைசி உருண்டைக்குத் தண்ணி பத்தல. சட்டியில ஒட்டிக்கினு இருந்த வெல்லம் வீணாவுதேன்னு, தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சு அப்படியே மாவுல சாய்ச்சேன். வெரல்கூட சுட்டுச்சு.

— அட! காயிதம் ஒட்டறதுக்குப் பசை எப்படிக் காய்ச்சுவ சவுரி?

— மாவக் கரைச்சு அடுப்புல வெச்சு.

— காய்ச்சாம ஒட்டிப்பாரு, ஒட்டாது! சூடு பட்டு மாவு பாதி வெந்தாத்தான் பிசுபிசுன்னு ஒன்ன ஒன்னு புடிச்சுக்கும். கேப்பைக்கும் அதே சங்கதிதான். இப்ப மாவே சாந்தாயிடுச்சு, அதனால காது…

— அப்புறமா வெளக்குங்க நைனா. அடுப்ப ஊதுங்க.

— மாவுச் சட்டிய எங்கடி இழுக்கற?

— பானையில கைய விட எனக்கு இஷ்டமில்லம்மா. பானைக்குள்ள போறத நான் பண்றேன். அவங்க தடவிக் கண்டுபுடிக்கட்டும். சரியா தப்பான்னு பக்கத்துல உக்காந்துக்கினு நான் சொல்றேன்.

— அப்ப… நாளைக்கு விருந்துக்கு வர்றியா?

— நான் வராம யாரு சொல்லுவா? நாப்பது பண்ணணும், ஜல்தி! பச்சத்தண்ணி வேணாம். வெல்லத்தண்ணியக் கொதிக்கக் கொதிக்க ஊத்திக் கெளறிக் குடு, சூடு அடங்கறதுக்குள்ள நான் காத ஒட்டிடறேன். உதிராது.