காரடி

தொட்டுப் பாருங்க சார், தப்பில்ல. இந்தப் பழைய காரை வாங்கிட்டுப் போவணும்னு மெட்ராசுல இருந்து வந்திருக்கிய. அந்தக் கேமராப் பையை எறக்கி வச்சுட்டு இந்தப் பாறையில உக்காருங்க. கதையைக் கேட்டுட்டு அப்புறம் வெலையைப் பேசுங்க.

ரொம்பக் காலத்துக்கு முன்னால, இந்த ரோட்டுக்குப் பஸ்ஸுன்னா என்னன்னே தெரியாத காலத்துல, இந்த நெடுவக்குறிச்சியில சோலைராயத் துரைன்னு ஒரு ஜமீன்தாரு இருந்தாராம். யானை இருந்துச்சாம், குதிரை வண்டி இருந்துச்சாம், அவருக்குப் போதலையாம். காரு வேணும்னாராம். எஞ்சினும் அடிச்சட்டமும் சீமையில இருந்து கப்பல்ல வந்து எறங்குச்சாம். மேக்கூட்டை மட்டும் மெட்ராசுல, கோச்சு வண்டி செய்யிற ஒரு கம்பெனியில, துரை சொன்னபடி கையாலயே செஞ்சாவளாம். உள்ள மரச்சட்டம், அதுக்கு மேல அலுமினியத் தகடு. பின்னால பட்டு மெத்தை. டிரைவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல கண்ணாடி. கண்ணாடி ஓரமா ஒரு ரப்பர் குழாய். துரை பின்னால உக்காந்து அதுல பேசுனா, முன்னால டிரைவரு காதுல கேக்குமாம். நேருக்கு நேரா பேசுனா கௌரவம் கொறைஞ்சிருமோ என்னமோ.

ஓட்டுனது எங்க பூட்டன், தொம்மை. வேதக்காரரு. மாதா கோயிலுக்குப் போனாரோ இல்லையோ, காரைத் தொடைக்காம ஒரு நாளும் கஞ்சி குடிச்சதில்லன்னு சொல்லுவாவ.

ஒரு பங்குனிக் கொடைத் திருவிழாவுல அம்மன் தேரு அச்சு முறிஞ்சு நடுத்தெருவுல சாஞ்சு போச்சாம். ஊரே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னுச்சாம். துரை என்ன செஞ்சாரு? காரைக் கொண்டா தொம்மைன்னாராம். அம்மனைத் தூக்கிப் பட்டு மெத்தையில வச்சு ஊர்வலம் விட்டாராம். பக்கத்து ஜமீன்காரங்க வாயைப் பொளந்து பாத்தாவளாம். அந்தப் பெருமையில துரைக்குத் தலைகால் புரியலை. உள்ளங்கையில சூடத்தைக் கொளுத்தி, இனிமே இந்த மெத்தையில முப்பிடாதி அம்மனைத் தவிர ஒரு மனுசரும் உக்கார மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணிட்டாராம். அன்னையில இருந்து அது அம்மன் வண்டி. வருசம் ஒரு நாள் ஓடும், மத்த நாளெல்லாம் பந்தல்ல நிக்கும்.

துரைக்கு ஒரே மக. பேரு வடிவு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாளாம். ஐப்பசி மாசம், விடாத மழை. வலி எடுத்து ரெண்டு நாளாச்சு, புள்ள வரலை. மருத்துவச்சி கையைக் கழுவிட்டு வெளிய வந்தாளாம். இனி என்னால ஆவாது, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ரெண்டு உசுரும் பொழைக்கும், மாட்டு வண்டியில போனா தாங்காதுன்னு சொல்லிட்டாளாம். ஆஸ்பத்திரி ஆத்துப் பாலத்தைத் தாண்டி அக்கரையில, வெகுதூரம்.

அவ சொல்லி முடிக்குமுன்ன அரமனை வாசல்ல எஞ்சின் சத்தம் கேட்டுதாம். எங்க பூட்டன் காரைக் கொண்டாந்து நிறுத்திப் பின் கதவையும் தொறந்துட்டாரு. ஏத்த வேண்டியதுதான. ஏத்தியிருக்கலாம்லா? ஏத்தலையே சார். துரை மழையோட மழையா கோயிலுக்கு ஓடுனாராம், அம்மன்கிட்ட உத்தரவு கேக்க.

பூக்கட்டிப் போட்டாவ. வெள்ளைப்பூ வந்தா ஏத்தலாம், செவப்புப்பூ வந்தா கூடாது. பூசாரி கண்ணை மூடிக்கிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தானாம். பிரிச்சா, செவப்பு. பூசாரி அங்கனயே உக்காந்து அழுதானாம். துரை நனைஞ்ச கோழி மாதிரி திரும்பி வந்தாராம்.

எங்க பூட்டன் அவரு கால்ல விழுந்தாராம். "துரை, நான் வேதக்காரன். உங்க அம்மன் என்னை என்ன செஞ்சாலும் செய்யட்டும். பாவம் என் தலையோட போவட்டும். புள்ளையை ஏத்துங்க."

"கேக்காம ஏத்தியிருக்கலாம் தொம்மை," அப்படின்னாராம் துரை. "கேட்டுட்டேனே. கேட்டுட்டு எப்படி மீறுவேன்?"

அவ்வளவுதான். எனக்கு இன்னைக்கும் அது ஆறலை. கோவம் யாரு மேலன்னும் தெரியலை.

வைக்கோலைப் பரத்தி வடிவை மாட்டு வண்டியில படுக்க வச்சாவ. துரை தலைமாட்டுல உக்காந்தாரு. மழை இருட்டுல பாதை தெரியலை. அதனால எங்க பூட்டன் என்ன செஞ்சாரு, காரை வண்டிக்குப் பின்னாலயே ஓட்டிக்கிட்டு வந்தாராம், வெளக்கைப் போட்டுக்கிட்டு. முன்னால மாடு நடக்குது, சக்கரம் பள்ளத்துல எறங்குது, வடிவு வலியில கத்துறா. பின்னால அவ்வளவு பெரிய காரு, வெறும் மெத்தையைச் சொமந்துக்கிட்டு, மாடு போற வேகத்துல வருது. வேற என்ன செய்வாரு அவரு?

வழியில மாடு ஒரு தடவை நின்னுதாம். எங்க பூட்டன் காரை விட்டு எறங்கி வண்டிகிட்ட ஓடுனாராம். வடிவு தலையைத் தூக்கிப் பாத்தாளாம்.

"தொம்மையண்ணே, காருல பின்னால யாரு இருக்கா?"

"யாரும் இல்ல தாயி."

"யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல தாயி."

அதுக்கப்புறம் அவ பேசலையாம். ஆத்துச் சத்தம் கேக்குற இந்த எடத்துக்கு வரும்போது கத்தலும் நின்னு போச்சு. தாயும் போயிட்டா, வயித்துல இருந்த புள்ளையும் போயிட்டு.

துரை எறங்குனாராம். மகளைக் கையில ஏந்திக்கிட்டு வந்து, காருக் கதவைத் தொறந்து, அந்தப் பட்டு மெத்தையில கெடத்தி, தானும் பக்கத்துல உக்காந்தாராம். எங்க பூட்டன் காதுல குழாய் வழியாக் கொரல் கேட்டுதாம்.

"ஓட்டு தொம்மை. வேகமா ஓட்டு."

எங்க பூட்டன் எஞ்சினை அமத்துனாராம். "இனிமே வேகமாப் போயி என்ன துரை," அப்படின்னாராம். எறங்கி, எஞ்சினைக் கெளப்ப முன்னால சொருகிச் சுத்துற கம்பியை எடுத்துக்கிட்டுப் போயி ஆத்துல வீசிட்டாராம். ஜமீன்ல ஒருத்தன் துரை பேச்சைத் தட்டுனது அதுதான் மொத தடவை. துரை எறங்கி மகளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரைப் பாத்து நடந்தாராம். எங்க பூட்டன் பின்னாலயே நடந்தாராம். அதுக்கப்புறம் ஒரு வண்டியையும் அவரு தொடலை.

காரு நின்ன எடத்துலயே நின்னு போச்சு. மத்த ஊருல தேரடி இருக்கும், எங்க ஊருல காரடி. நெலமையைப் பாக்கியள்லா? தகடு துரு ஏறலை, அலுமினியம்லா. உள்ள மரம் பூராவும் கரையான் தின்னுட்டு, தூக்குனா பொடியா உதிந்துரும். செப்பனிட எங்களுக்கு வக்கில்ல. ஒடைச்சுப் போட மனசும் வரலை. வித்துரலாம்னா யாரு விக்கிறது? ஜமீனே போச்சு, கோயில்ல கேட்டா எங்களுது இல்லைங்காவ.

அம்மன் இப்பத் தோள்லதான் போறா. வண்டியில ஏத்துறதில்ல. அப்புறம் இன்னொண்ணு. எங்க ஊருல டிராக்டரோ ஆட்டோவோ, யாரு புதுசா எடுத்தாலும் மொதல்ல கோயிலுக்குக் கொண்டு போவ மாட்டாவ. ஒரு புள்ளத்தாச்சியை ஏத்தி, இந்தக் காரடி வழியா வந்து, பாலத்தைத் தாண்டி அக்கரையில எறக்கி விடணும். அதுக்கு எந்தச் சாமிகிட்டயும் உத்தரவு கேக்கக் கூடாது. அந்தப் பொம்பள எறங்கி, வயித்துல கையை வச்சு, இந்தப் பக்கமாத் திரும்பி நின்னு, "ரெண்டு பேரும் வந்து சேந்துட்டோம் வடிவு"ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். அவ அப்படிச் சொன்ன பெறகுதான் வண்டிக்குச் சூடம் காட்டுவோம்.