தெரியும் என்று சொன்ன வேலிக்காரர்

அவைக்குத் தலைமை தாங்கும் அதிபர் ஞானமலர் அம்மையார் அவர்களே, முன்வரிசை நிறைந்த மூத்தோர்களே, அன்புவழிபுரத்து அன்னையர்களே, அஞ்சாதே என்று கண்ணால் சொல்லும் தோழியரே, உங்கள் எல்லோருக்கும் என் நடுங்கும் வணக்கம்!

இந்தப் பேச்சுப்போட்டியில் எனக்குத் தந்த தலைப்பு, 'வாழ்வின் பொருள் என்ன?' போன கிழமை கேட்டிருந்தால் அழகாகச் சொல்லியிருப்பேன். அலை என்றிருப்பேன், ஆழி என்றிருப்பேன், அணையா விளக்கு என்றிருப்பேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்னத்தைச் சொல்வேன்?

செவ்வாய் காலை இராணுவத்தினர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து, எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தினார்கள். ஜீப்புக்குள், தலையை அசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகம் மூடிய ஒரு தலையாட்டி. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்தோம். தலை அசையாவிட்டால் வீடு; அசைந்தால் ட்ரக். சபையோரே, இலை அசைந்தால் காற்று என்கிறோம். படகு அசைந்தால் கடல் என்கிறோம். அந்தத் தலை அசைந்ததே, அது எதனால்? ஈ மொய்த்ததா? வியர்வை வழிந்ததா? ஒரு மனிதனின் முழு வாழ்வும் ஒரு கழுத்திலா தொங்குகிறது?

அடுத்த வீட்டு ஆனந்தராசா மாமாவுக்கு அது அசைந்தது.

"இவரை ஆருக்குத் தெரியும்?" அதிகாரியின் கேள்வியை ஒருவர் தமிழில் சொன்னார். தெரியும் என்றால் நமக்கும் ட்ரக். மைதானமே மண்ணைப் பார்த்தது.

"எனக்குத் தெரியும்."

முன்னுக்குப் போனவர் சோமசேகரம். என் அப்பா. எல்லைவேலிச் சண்டையால் மாமாவின் முகத்தையே பாராத என் அப்பா!

"என்ர வேலிக் கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளுக்கு நட்ட ஆள் ஐயா இவர். விடிஞ்சாப் பொழுதுபட்டா வேலியடிதான். வேற ஒண்டுக்கும் இவருக்கு நேரமில்லை."

"அரை முழம்தான்!" என்றார் ட்ரக்கடியில் நின்ற மாமா.

"வாயை மூடும் காணும்! உமக்காகத்தான் கதைக்கிறன்."

சிரிக்கிறீர்கள். ஓம், அங்கேயும் சிலர் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். சிரித்துவிட்டு, இருவரையும் ஏற்றச் சொன்னார்.

இன்னும் அவர்கள் வரவில்லை. அம்மா அந்த வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு வெட்டினா. மாமாவின் மனைவி அன்னலட்சுமி மாமி அதற்குள்ளால் வந்து எங்கள் குசினி அடுப்படியில் இருக்கிறா.

"மெல்லக் கதை பிள்ளை, வெளியில ஆக்கள் நிக்கினம்" என்கிறீர்கள், பின்வரிசையில் இருக்கும் அன்னையே. எனக்கும் பயம்தான். ஆனால் அந்தத் தலை அசைந்ததில் நான் எவ்வளவு தேடியும் பொருளில்லை. அப்பா முன்னுக்கு வைத்த அடியில் இருக்கிறது. வெறும் மண்ணில், எல்லோரும் பார்க்க, அவர் அதை உண்டாக்கினார்!

நாளைக் காலை அம்மாவும் மாமியும் அவர்களை வைத்திருக்கும் முகாம் வாசலுக்குப் போகிறார்கள். நானும் போகிறேன். அங்கேயும் கேட்பார்கள், ஆருக்குத் தெரியும் என்று. உங்கள் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்ட சோமசேகரத்தை உங்களுக்குத் தெரியாதா? உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பந்தல் போட்ட ஆனந்தராசாவைத் தெரியாதா? வாருங்கள்! கோபம் இருந்தால் கோபத்தோடு வாருங்கள். வழக்கு இருந்தால் வழக்கையும் சொல்லுங்கள். தெரியும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பரிசை வேறொருவருக்குக் கொடுங்கள். நாளை அந்த வாசலில் என் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களுக்கு இப்போதே என் நன்றி. வணக்கம்.