பறவையா, பாரமா?

காசிராஜன்: காக்காதான் பாய். எஞ்சினுக்குள்ள காக்கா போயிருச்சுன்னு சொல்லிருவோம்.

அசன் முகம்மது: ஒத்தைக் காக்காய்க்கு அம்புட்டுப் பெரிய கார்கோ பிளைட்டு விளுமா அண்ணாச்சி?

காசிராஜன்: காக்கா என்னைக்கு ஒத்தையா வந்திருக்கு? ஒண்ணு கத்துனா ஊரு காக்காயெல்லாம் வந்துரும்ல.

அசன் முகம்மது: நாம எதுக்குக் காரணம் சொல்லணும்? பிளைட்டு என்ன நம்ம பிளைட்டா? லோடு மட்டுந்தான நம்ம...

காசிராஜன்: மெதுவா! லோடுங்கிற பேச்சையே எடுக்காதீக. முந்தாநாள் கெளம்பும்போதே ஒரு எஞ்சின் நின்னு, பிளைட்டு கம்மாய்க்குள்ள போய் உக்காந்துருச்சு. உள்ள நம்ம பிரஸ்ல அடிச்ச காலண்டரு. பெட்டி மேல என்ன ஊரு போட்டிருக்கோம்?

அசன் முகம்மது: சிவகாசி.

காசிராஜன்: சிவகாசின்னு பாத்தா எவன் காலண்டர நெனைப்பான்? வெடியத்தான் நெனைப்பான்.

அசன் முகம்மது: அண்ணாச்சி... கேக்கேன்னு கோவிக்காதீக... உள்ள வெடி கிடி...

காசிராஜன்: ஒரு கம்பி மத்தாப்பு கிடையாது! ஒரு பாம்பு மாத்திரை கிடையாது! எம் மக ஐஸ்வர்யா மேல சத்தியம்.

அசன் முகம்மது: சரி சரி, கத்தாதீக. பைலட்டுக எப்படி இருக்காக?

காசிராஜன்: ரெண்டு பேரும் முளங்கால் சேத்தோட நடந்தே கரையேறிட்டாக. டிவியில காட்டுனான். ஒரு கீறல் இல்ல.

அசன் முகம்மது: அல்லா காப்பாத்துனான்... அது கெடக்கட்டும், இந்த வெக்கையில எதுக்குத் தலையில துண்டு? பாக்கிறவன் அச்சாபீஸே மூள்கிப் போச்சும்பான்.

காசிராஜன்: சளி பாய்.

அசன் முகம்மது: சளி மூக்குலல்ல வரும்?

காசிராஜன்: எனக்குத் தலையில இருந்துதான் ஆரம்பிக்கும். நீங்க விசயத்துக்கு வாங்க. கார்கோ ஏஜென்ட் நல்லசிவம் காலையில போன் போட்டான். "அண்ணாச்சி, உங்க லோடுல ஒரு பிரச்சினை, நேர்ல வாரேன், எங்கயும் போயிராதீக"ன்னான். மேல கேக்கிறதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு.

அசன் முகம்மது: அப்ப ஆபீசரக் கூட்டிக்கிட்டுத்தான் வருவான். போலீசும் கூட வரும். யா அல்லா, சார்ஜா கம்பெனிகிட்ட இந்த ஆர்டர வாங்கிக் குடுத்ததே நாந்தான். மொத விலங்கு எனக்குத்தான்.

காசிராஜன்: அதான் காக்கான்னு சொல்லுவோம்ங்கேன்.

அசன் முகம்மது: காக்கா நிக்காது அண்ணாச்சி. பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்துட்டான்னு சொல்லுவோம். நம்ம ஊரு ஷேர் ஆட்டோ தெனமும் அதுலதான ஓடுது.

காசிராஜன்: ஓடுதுல்ல? அப்ப எஞ்சின் எப்படி நின்னுச்சும்பான்.

அசன் முகம்மது: டயருக்கு எலுமிச்சம்பளம் வைக்காம எடுத்துட்டான்?

காசிராஜன்: எத்தனை டயரு இருக்கும்னு கண்டீகளா? அம்புட்டுக்கும் வைக்க ஒரு மரத்தையில்ல உலுக்கணும்... பாய், ஒண்ணு கேக்கேன். சும்மாதான். வேண்டுதல்ல எஞ்சின் நிக்குமா?

அசன் முகம்மது: என்னது?

காசிராஜன்: எவனோ ஒருத்தன்... சாமிகிட்ட எதையோ வேண்டுறான்னு வைங்க. அதுல எஞ்சின்...

அசன் முகம்மது: வேண்டுதல்ல ஓடுற எஞ்சினப் பாத்திருக்கேன். எங்க விருதுநகர் டவுன் பஸ்ஸு. நிக்கிறதுக்கு எவன் வேண்டுவான்?

காசிராஜன்: அதான்... எவன் வேண்டுவான்... ஏளா பேச்சி! காப்பி என்னாச்சு?

பேச்சியம்மாள்: வந்துட்டேன், தொண்டையக் கிளிக்காதீக. பாய் அண்ணே, மைனி பைரோஜா நல்லாருக்காகளா? இந்தாங்க, காராச்சேவு. தட்டு கிடைக்கல, தாள்லயே வச்சிருக்கேன்.

அசன் முகம்மது: நல்லாருக்காம்மா. என்னம்மா, பிரஸ்காரர் வீடுன்னு புதுக் காலண்டர் தாளையே கிளிச்சிட்டியா? பிப்ரவரி இருபத்தொம்பது, வெள்ளிக்கிளமை...

பேச்சியம்மாள்: குடோன் மூலையில கட்டுக் கட்டாக் கெடக்கு அண்ணே. நாந்தான் ஒரு கட்டை அடுப்படிக்கு எடுத்து வச்சேன்.

காசிராஜன்: அது... வேஸ்ட்டுத் தாளு. சேவத் தின்னுட்டுக் கசக்கிப் போடுங்க பாய்.

அசன் முகம்மது: இருங்க, ராசிபலன் பாப்போம். அண்ணாச்சிக்கு துலாம்தான? "மறதி"ன்னு போட்டிருக்கு.

காசிராஜன்: அதெல்லாம் நானே இருந்து எளுதுறதுதான். குடுங்க அந்தத் தாள!

அசன் முகம்மது: சேவு கொட்டுது அண்ணாச்சி, பிடுங்காதீக!

பேச்சியம்மாள்: முந்தாநாள்ல இருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்காக. நேத்து விடியுமுன்ன எங்கயோ போய்ட்டு வந்தாக. ராத்திரி படுக்கையிலயும் அந்தத் துண்ட அவுக்கல... பாய் அண்ணே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பிளைட்டுல ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடிப் போனா சாயுமா?

அசன் முகம்மது: ஏம்மா கேக்க?

பேச்சியம்மாள்: சும்மாத்தான்.

அசன் முகம்மது: சாயும்தான்... எம்புட்டுப் பாரம்?

பேச்சியம்மாள்: ஒரு... ஆட்டுக்கல்லு அளவுக்கு.

காசிராஜன்: பேச்சி!

பேச்சியம்மாள்: எனக்கென்ன தெரியும்? "அம்மா, மிக்சி சட்னி நாக்குல வைக்க வெளங்கல"ன்னு சார்ஜாவுல இருந்து உங்க மக அளுதா. காலண்டரோட காலண்டரா ஒரு பெட்டியில ஆட்டுக்கல்ல வச்சேன். அதுல அரைக்கிற குளவிக்கல்ல இன்னொரு பெட்டியில வச்சேன். பாரம் ஒரே பக்கம் இருக்கக் கூடாதுன்னு ரோசிச்சுத்தான் பிரிச்சு வச்சேன்!

காசிராஜன்: அதான் லோடு ஏத்துன பலவேசம் "என்ன மொதலாளி, காலண்டரு இந்தக் கனம் கனக்கு"ன்னான்! ஆர்ட் பேப்பர் அப்படித்தாண்டா இருக்கும்னு அவன வஞ்சு அனுப்புனேன்!

பேச்சியம்மாள்: பிளைட்ட நாந்தான் கவுத்துட்டேனா? அந்தப் பைலட்டுக யாரு பெத்த பிள்ளைகளோ... ஆத்தாடி, எனக்கு நெஞ்சு அடைக்கே...

அசன் முகம்மது: அளாதம்மா. ஒரு ஆட்டுக்கல்லு பிளைட்டுக்கு ஒரு தூசி. அது கூட வேற எதுவும் சேந்திருந்தாத்தான்...

காசிராஜன்: வேற என்ன சேரும்?

அசன் முகம்மது: ஒண்ணும் சேராது.

காசிராஜன்: பாய்... ஏன் வேர்க்கு?

அசன் முகம்மது: சேவுல காரம்.

காசிராஜன்: பாய்!

அசன் முகம்மது: புரோட்டாக்கல்லு அண்ணாச்சி.

காசிராஜன்: எது?

அசன் முகம்மது: எங்க விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா போடுற கல்லு. இரும்புதான், நல்ல குளிவா, அகலமா... எம் மவன் முஹ்சின் அங்கன புரோட்டாக் கடை போடப் போறான்ல? அந்த ஊருக் கல்லுல போட்டா அப்பளமா வருதாம். பெட்டிக்கு அடியில வச்சு, மேல காலண்டர அடுக்கிட்டேன்.

காசிராஜன்: எத்தனை பேரு தூக்குற கல்லு?

அசன் முகம்மது: மூணு பேரு... நாலாவது ஆளு சும்மா கை குடுத்தான்.

பேச்சியம்மாள்: எங் கல்லுக்கு மட்டும் அந்தப் பார்வை பாத்தீக அண்ணே!

காசிராஜன்: வெளங்கிரும்! ஒருத்தி ஆட்டுக்கல்லு, ஒருத்தர் புரோட்டாக்கல்லு! அது கார்கோ பிளைட்டா, கலியாண மண்டபத்துச் சமையக்கட்டா? இம்புட்டு வருச சிநேகத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே பாய்? உங்க ரெண்டு பேரையும் நம்பி நான் ஒருத்தன் சுத்தமா காலண்டரு மட்டும் அனுப்புனேன் பாருங்க...

பேச்சியம்மாள்: போனடிக்கு.

காசிராஜன்: நான் எடுக்க மாட்டேன். பாய், எடுங்க.

அசன் முகம்மது: எனக்குக் கையெல்லாம் சேவு.

பேச்சியம்மாள்: ஆம்பளைகளப் பாரு. குடுங்க இங்கன. அலோ... நல்லசிவம் அண்ணே, நாந்தான் பேசுறேன்... எங்க வந்திருக்கீக? சூலக்கரை தாண்டிட்டீகளா? ஆபீசரு கூட இருக்காரா?... யாரும் இல்லையா?

அசன் முகம்மது: ஏன் விளுந்துச்சுன்னு கேளும்மா!

பேச்சியம்மாள்: அண்ணே, பிளைட்டு எதுக்கு... என்னது? மயிலா? எஞ்சினுக்குள்ள மயிலு போயிருச்சாம்!

காசிராஜன்: மயிலா? நெசமாவா? அப்ப வேண்டுதல் இல்ல... அப்பாடி... மயிலுதான்... முருகா...

அசன் முகம்மது: நான் சொன்னேன்ல அண்ணாச்சி, பறவைதான்னு!

காசிராஜன்: நாந்தான சொன்னேன்!

பேச்சியம்மாள்: ரெண்டு பேரும் வாய மூடுங்க, ஒண்ணும் கேக்கல. சொல்லுங்க அண்ணே... எடை போடும்போது கூடிப் போச்சா? ஆமாமா, கல்லுதான்... எங்க கல்லுதான்... ஏங்க, நம்ம லோடு அந்தப் பிளைட்டுல ஏறவே இல்லையாம்! எடை கூடுதுன்னு வெளிய எடுத்து வச்சிருக்காக. ரெண்டு கல்லயும் வேன்ல போட்டுத் திருப்பிக் கொண்டாராராம். இனிமே இப்படிச் செஞ்சா லோடே எடுக்க மாட்டேங்காரு.

அசன் முகம்மது: அல்ஹம்துலில்லா! நம்ம ரெண்டு கல்லுந்தாம்மா காலண்டரக் காப்பாத்தியிருக்கு!

காசிராஜன்: அப்ப... காலண்டரும் அந்த வேன்லயே திரும்பி வருதா? பேச்சி, அதக் கேளு. வருதா?

பேச்சியம்மாள்: அண்ணே, காலண்டரு?... ஐயோ, நல்ல சேதி! நேத்து வேற பிளைட்டுல ஏத்தி விட்டுட்டாகளாம்! காலையிலயே சார்ஜா போய்ச் சேந்துருச்சாம்! கம்பெனிக்காரங்க எல்லாக் கடைக்கும் பிரிச்சுக் குடுத்துட்டாகளாம். நம்ம காலண்டரு அங்கன ஆணியில தொங்குதுங்க!

அசன் முகம்மது: எடுங்க அண்ணாச்சி கைய, குடுங்க! அடுத்த வருச ஆர்டரும் நமக்குத்தான்... அண்ணாச்சி? ஏன் தரையில உக்காந்துட்டீக?

பேச்சியம்மாள்: என்னங்க... மூஞ்சி வெளுத்துப் போச்சே! அண்ணே, அந்தத் துண்ட அவுத்து விசிறுங்க!

அசன் முகம்மது: யா அல்லா! ஏம்மா... மொட்டை! அண்ணாச்சி, யாருக்கு இது?

காசிராஜன்: இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு பாய். லோடு போன மறுநாள் குடோன் மூலையில ஒரு தாள்கட்டப் பாத்தேன். "தாயே, உசுருக்குச் சேதமில்லாம அந்த லோடு மட்டும் போய்ச் சேராமப் போகட்டும், மொட்டை போடுறேன்"னு வேண்டுனேன். பிளைட்டு விளுந்துச்சுன்னதும் ஓடிப்போய் முடியக் குடுத்துட்டேன்... நீங்க சேவு திங்கிறீகளே, அந்தத் தாளு... அந்த பிப்ரவரி இருபத்தொம்பத அவசரத்துல ஒரு காலண்டர்லயும் வச்சுத் தைக்கல பாய்.