பெனால்டிப் புள்ளியில் ஒரு பந்தயம்

— பந்தை நானே கொண்டாந்து குடுக்கறேன், நூரியா. உதைக்கப் போறவ நீதானே.

— வேணாம். நீ போய் உன் கோலைப் பாரு, சொலேன். ஐம்பதாயிரம் பேர் பாக்குறாங்கடி.

— பாக்கட்டுமே. கட்டின பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா?

— மூணு வருஷமா நீ லியோன்ல, நான் பார்சலோனால. போன்லயே குடும்பம் நடத்துறோம். இப்பத்தான் மேடத்துக்குப் பேச்சு வருதாக்கும்!

— அதுக்குத்தான பந்தயம் கட்டினோம்? இந்த ஃபைனல்ல தோக்குறவ தன் கிளப்பை விட்டுட்டு, ஜெயிக்கிறவ ஊருக்கே வந்துடணும்.

— மாட்டுக்குடலை வறுத்துத் தின்னுற ஊருக்கு நான் வரவா? நடக்காது. நீ பொட்டியக் கட்டு.

— பெனால்டில நாங்க நாலு, நீங்க மூணு. உங்க பக்கம் இதுதான் கடைசி உதை. இதைக் கோட்டைவிட்டியோ, கப்பும் எங்களுக்கு, நீயும் எனக்கு.

— கோல்கீப்பர், கோட்டுக்குப் போறீங்களா, மஞ்சள் அட்டை காட்டட்டுமா?

— இதோ, ரெஃப்ரி மேடம். ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போறேன்.

— தண்ணியாம் தண்ணி! யார் எந்தப் பக்கம் உதைப்பாங்கன்னு பாட்டில்ல எழுதி ஒட்டியிருக்க. எனக்கு என்ன எழுதியிருக்கு?

— உன் பேருக்கு நேரா எங்க கோச் எழுதினது ஒண்ணே ஒண்ணு: "வீட்ல கேட்டுக்கோ."

— ஐயோ, சிரிக்க வைக்காதடி!

— நீ எப்பவும் இடது பக்கம். அது எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும். அதனால இன்னிக்கு வலது. ஆனா அதுவும் எனக்குத் தெரியுமே!

— வாய மூடு, சொலேன்.

— ஹோட்டல்ல மெனு அட்டையக் குடுத்தா அரை மணி நேரம் திருதிருன்னு முழிப்பியே, அந்த மூஞ்சி வந்துடுச்சு!

— போதும் ரெண்டு பேரும். நூரியா, நான் விசில் ஊதினதும் உதைங்க.

— நடுவுலயா! அட லூசு, நேரா என் கைக்கே அடிச்சியேடி! நான் ஒரு அடி கூட நகரல!

— கோல் இல்லை. ஆட்டம் முடிஞ்சுது. லியோன் ஜெயிச்சுது.

— நூரியா... ஏய், எந்திரி. புல்லுல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு என்ன இது?

— விடு. உங்க ஆளுங்க கப்பு வாங்கக் கூப்பிடுறாங்க. போ.

— நீ இப்படி அழுதா எனக்கு எதுக்கு கப்பு? பந்தயத்தை மறந்துடு. எட்டு வயசுலேர்ந்து இருக்குற கிளப்பை விட்டுட்டு வான்னு கூப்பிட எனக்கு மனசு வரல. நானே பார்சலோனாவுக்கு வந்துடறேன்.

— வராத. அங்க நான் இருக்க மாட்டேன்.

— என்னடி உளர்ற?

— நான் விலகுறேன்னு மார்ச் மாசமே கிளப்ல சொல்லிட்டேன். ஜூலைலேர்ந்து உன் வீட்லதான்.

— அடிப்பாவி! அப்ப பந்தயம் எதுக்கு? இந்த அழுகை எதுக்கு?

— மொத மொதல்ல உன்னோட குடித்தனம் பண்ண வர்றேன். வெறுங்கையோடயா வர்றது? கப்போட வரலாம்னு பாத்தேன்.