பதினாலு வரிசைக் காத்திருப்பு

— இல்ல மாப்ள, அது நேத்து. நான் கேட்டது நாளைக்கு. ‘நான் நாளைக்குக் காத்திருப்பேன்.’ ஸ்பானிஷ்ல சொல்லு.

— எஸ்பெராபா.

— அது ‘காத்துக்கிட்டு இருந்தேன்’. உங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்து, அவ தலை வாரி முடிக்கிற வரைக்கும் நான் கூடத்துல உக்காந்திருந்தேனே, அது.

— எஸ்பெரே?

— அதுவும் போனதுதான். காத்திருந்தேன், முடிஞ்சது, கையக் கழுவிட்டேன். நாளைக்கு என்னடா?

— அத்தான், சத்தியமா செத்தேன். மூணு மணிக்கு டாக்டரோட அம்மா நம்ம சோபா பட்டறைக்கு வராங்க, அவங்களுக்கு ஸ்பானிஷ் தவிர வேற பாஷை தெரியாது. நாக்கு அண்ணத்துல போய் ஒட்டிக்கிச்சு.

— தண்ணி குடி. ஏய், அந்த ஜக்கு இல்ல, அதுல பசை கலக்கி வெச்சிருக்கேன். அப்புறம் நெஜமாவே ஒட்டிக்கும்.

— எஸ்பெராரே! வந்துடுச்சு அத்தான். எஸ்பெராரே, நான் காத்திருப்பேன்.

— அட, அப்படி வா வழிக்கு. இப்ப நிகழ்காலத்தை ஒரே மூச்சுல ஓட்டு. நான் புத்தகத்தைப் பாத்துக்கறேன்.

— எஸ்பெரோ, எஸ்பெராஸ், எஸ்பெரா, எஸ்பெராமோஸ், எஸ்பெராயிஸ், எஸ்பெரான்.

— நான், நீ, அவரு, நாம, நீங்கள்லாம், அவங்க. ஆறும் கச்சிதம். ஒரு மடிப்பு, ஒரு சுருக்கம் கிடையாது. உனக்குள்ள இப்படி ஒரு வித்துவான் இருக்கான்னு தெரியாம நாலு மாசமா உன்னைப் பஞ்சு அடைக்கவே விட்டுட்டேனே.

— கிண்டல் பண்ணாதீங்க அத்தான்.

— கிண்டல் இல்லடா, பெருமை. ஆணி அடிச்சுக்கிட்டே நீ முணுமுணுக்கிறதக் கேட்டு, என் மச்சினன் ஸ்பானிஷ் பாஷையையே கரைச்சுக் குடிச்சுட்டான்னு தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். சரி, அந்தம்மா வாசல்ல வந்ததும் ‘வாங்க’ன்னு சொல்லணும். எப்படிச் சொல்லுவ?

— தெரியாது.

— ‘உக்காருங்க’?

— தெரியாது.

— ‘பயணம் சௌகரியமா இருந்துச்சா?’

— அத்தான், ‘காத்திரு’ மட்டும்தான் தெரியும்.

— மட்டும்தான்னா? மத்ததெல்லாம் அரைகுறையாத் தெரியும்னு சொல்ல வரியா?

— ஒண்ணு கூடத் தெரியாது. இதுல பதினாலு வரிசை இருக்கு. நேத்து, இன்னிக்கு, நாளைக்கு, நடந்திருந்தா, நடந்தா நல்லா இருக்கும், நடந்து தொலைன்னு. பதிமூணு முடிச்சுட்டேன்.

— நாலு மாசம். ஒரே ஒரு வார்த்தை.

— நீங்கதானே முதல் நாளே சொன்னீங்க? ஒரு சோபாவ முடிக்காம அடுத்ததுல கை வைக்கிறவன் உருப்பட மாட்டான்னு.

— அட பாவி, சோபாவுக்குச் சொன்னேன்டா. பாஷைக்கா சொன்னேன்? பாஷைன்னா இங்க ஒரு குச்சி அங்க ஒரு ஆணின்னு எல்லாத்தையும் ஒண்ணா எழுப்பணும். நீ என்னடான்னா ஒரே ஒரு காலை மட்டும் செதுக்கி, பாலிஷ் போட்டு, கையில தூக்கிக்கிட்டு நிக்கிற.

— நல்ல காலுதானே அத்தான்.

— காலு பிரமாதம். அதுல அந்தம்மா எங்கடா உக்காருவாங்க? அது போகட்டும், பதினாலாவது என்னாச்சு?

— அது கட்டளை வரிசை. ‘காத்திரு, காத்திருங்க.’ மனப்பாடம் பண்ண ஒவ்வொரு வரிசையையும் சாக்பீஸால அடித்துணியில எழுதி எதிர்ல மாட்டி வெச்சிருந்தேன்ல? அந்தத் துணிய மட்டும் டீச்சரம்மா சோபாவுக்கு உள்ள போட்டுத் தைச்சுட்டேன். நேத்து வண்டி ஏறிப் போயிடுச்சு.

— டீச்சரம்மா வீட்டு சோபா வயித்துக்குள்ள ஸ்பானிஷ்ல ‘காத்திருங்க’ன்னு இருக்கா? எனக்கு வயிறு வலிக்குதுடா. சிரிக்க வெக்காத, வாயில ஆணி வெச்சிருக்கேன்.

— நீங்க சிரிங்க. எனக்கு உயிர் போகுது. ஞாயித்துக்கிழமை அவங்க விமானம் ஏறிடுவாங்க. இன்னிக்கு அவங்க வாயால சரின்னு சொல்லலன்னா டாக்டர் மறுபடி, அம்மா மனசு மாறட்டும், காத்திருங்கன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு வருஷமாச்சு அத்தான். எனக்கு வேற யாரும் வேண்டாம்.

— தெரியும்டா. பல் ஆஸ்பத்திரி நாற்காலிக்கு ரெக்ஸின் மாத்தப் போனவன், திரும்பி வரப்பவே மூஞ்சி ஒரு தினுசா இருந்துச்சு. மரப்பு ஊசி போட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன்.

— நாலு மாசம் முன்னாடி மறுபடி ‘காத்திருங்க’ன்னு அவங்க சொன்னதும், உங்க பாஷையில ‘காத்திருப்பேன்’னா என்னன்னு கேட்டேன். எழுதிக் குடுத்தாங்க. அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சேன்.

— இன்னும் அவங்களை டாக்டர்னுதான் கூப்பிடுறியா?

— பழகிடுச்சு.

— நல்ல ஜோடி. சரி, பயப்படாத. ஒரு வார்த்தைன்னாலும் முழு வார்த்தை. நான்தான் அந்தம்மா. நான் கேக்கறேன், நீ சொல்லு. ‘ஏம்ப்பா, என் பொண்ணு மேல ஆசையா?’

— எஸ்பெரோ. காத்திருக்கேன்.

— தேவலையே. ‘முன்னாடி எப்படி?’

— எஸ்பெராபா. காத்துக்கிட்டு இருந்தேன்.

— ‘நான் முடியாதுன்னு சொன்னா?’

— எஸ்பெராரே. அப்பவும் காத்திருப்பேன்.

— ‘அவளுக்கு எழுபது வயசாகி, வாயில ஒரு பல்லும் இல்லாம போயிட்டா?’

— எஸ்பெராரியா. அப்படி ஆனாலும் காத்திருப்பேன்... அத்தான், அவங்க பல் டாக்டர். அவங்களுக்கு ஏன் பல்லு போகுது?

— நீ வரிசைய மட்டும் கவனி. அந்தக் கடைசி நாலு துணி என்ன? ஒரே மாதிரி இருக்கு.

— அது ஆசை வரிசை. நடந்ததும் இல்ல, நடக்கிறதும் இல்ல. மனசுக்குள்ள மட்டும் நடக்கும். ‘அவங்க எனக்காகக் காத்திருந்தா எப்படி இருக்கும்’னு. எஸ்பெராரா.

— இதப் படிச்சு எத்தன நாளாச்சு?

— ஒண்ணரை மாசம். அதை விட்டு நகரவே மனசு வரல.

— போடா பைத்தியக்காரா. அந்தம்மா இதக் கேட்டா உருகி ஓடிடுவாங்க. இந்த ஒரு வார்த்தையே போதும், தாராளம்... டேய், வாசல்ல யாரு அது? குடை, கைப்பை, வெள்ளை முடி.

— அவங்கதான். போட்டோல பாத்திருக்கேன். டாக்டர் எங்க? டாக்டரைக் காணோம்.

— ஃபோன் அடிக்குது பாரு, எடு.

— டாக்டர் மெசேஜ் போட்டிருக்காங்க. ‘கடவாய்ப் பல் வர மாட்டேங்குது. அம்மா தனியா வராங்க. முடிச்சுட்டு உடனே வரேன்.’ அத்தான், செத்தேன்.

— சாகறதெல்லாம் அப்புறம். சட்டையில ஒட்டின பஞ்சைத் தட்டு. வாங்கம்மா, வாங்க, வாங்க. அந்தப் பச்சை சோபால உக்காருங்க. அதுல ஆணி இல்ல.

— புவேனாஸ் தார்தேஸ்.

— எஸ்பெரோ.

— அவங்க வணக்கம் சொல்றாங்க போல, எடுத்த எடுப்புலயாடா?

— வாய்க்கு வந்துடுச்சு அத்தான்.

— குவாந்தோ எஸ் லா போதா?

— என்னமோ கேக்கறாங்க. கேள்விதான், முடிவுல இழுக்கறாங்க. எதிர்காலத்தப் போடு.

— எஸ்பெராரே, அம்மா. எஸ்பெராரே.

— மாஸ்?

— ரசிக்கறாங்க மாப்ள, இன்னும் கேக்கறாங்க. விடாத, எடுத்து விடு.

— எஸ்பெராரியா. எஸ்பெராமோஸ். எஸ்பெரேமோஸ், அம்மா. நாம எல்லாரும் காத்திருப்போம், எஸ்பெரேமோஸ்.

— தோஸ் ஆஞ்ஞோஸ்! தோஸ்!

— ரெண்டு விரலைக் காட்டறாங்க. ரெண்டு சோபா வேணுமோ?

— எனக்கு அப்படித் தெரியல. மூஞ்சி செவந்து போச்சு.

— உருகுறாங்கடா. ஆசை வரிசைய இறக்கு.

— எஸ்பெராரா, அம்மா. உபியேரா எஸ்பெராதோ.

— உருகல மாப்ள. எழுந்துட்டாங்க. குடைய எடுக்கறாங்க. புத்தகத்துக்குப் பின்னாடி வார்த்தைப் பட்டியல் இருக்குல்ல, அதக் குடு இப்படி. முதல்ல என்ன கேட்டாங்க?

— குவாந்தோ... லா போதா.

— குவாந்தோன்னா ‘எப்போ’. போதா, போதா... இந்தா. கல்யாணம். டேய், கல்யாணம் எப்போன்னு கேட்டிருக்காங்க.

— கல்யாணம் எப்போன்னா?

— நீ ‘காத்திருப்பேன்’னுட்ட. ‘இன்னுமா’ன்னு கேட்டிருக்காங்க. ‘எல்லாரும் காத்திருப்போம் வாங்க’ன்னு சபை கூட்டியிருக்க. ரெண்டு வருஷமாச்சேன்னு வயிறெரிஞ்சு விரலைக் காட்டினாங்க. அதுக்கு நீ ‘காத்திருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்’னு பெருமூச்சு விட்டிருக்க.

— அப்ப அவங்களுக்குச் சம்மதமா?

— சம்மதமாத்தான் வந்தாங்க. இப்ப உன்னை மாதிரி ஒரு சோம்பேறிய உலகத்துலயே பாத்திருக்க மாட்டாங்க. வாசப்படியில கால வெச்சுட்டாங்க பாரு.

— அம்மா, போகாதீங்கம்மா. அத்தான், ‘போகாதீங்க’ தெரியாது எனக்கு. ஒண்ணுமே தெரியாது.

— கத்தாத, யோசி. அந்த பாஷையில ‘இல்ல’ங்கறதுக்கு என்ன?

— நோ. இங்கிலீஷ் மாதிரியே நோதான்.

— அப்புறம் என்னடா? நாலு மாசம் உழைச்சு வெச்சிருக்கியே, எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு நோ அடி. ஒண்ணு விடாம.

— அம்மா, நோ எஸ்பெரோ.

— இன்னும் சத்தமா. தெருவுல போற வண்டிச் சத்தத்துல கேக்கல.

— நோ எஸ்பெரோ! நோ எஸ்பெராமோஸ். நோ எஸ்பெராரே, நோ எஸ்பெராரியா, நோ எஸ்பெரேமோஸ். காத்திருக்க மாட்டேன், காத்திருக்க மாட்டோம், இன்னிக்கு இல்ல, நாளைக்கு இல்ல, கனவுல கூட இல்ல. என்னால முடியலம்மா. நோ.

— நோ?

— நோ.

— திரும்பிட்டாங்க. குடையக் கீழ வெச்சுட்டாங்க. மாப்ள, கிட்ட வராங்க, அடி விழுந்தாலும் அசையாத.

— நோ எஸ்பெரா! நோ எஸ்பெரா, ஹா ஹா, ஐ ஹிஹோ.

— அத்தான், கன்னத்தைப் புடிச்சுக் கிள்ளுறாங்க. வலிக்குது. நல்லா வலிக்குது.

— வலிக்கட்டும், வலிக்கட்டும். ஹிஹோன்னா மகனாம், பட்டியல்ல போட்டிருக்கு. அம்மா, அந்தக் கன்னமும் இருக்கு, அதையும் எடுத்துக்கோங்க. இருங்க, உங்க கைப்பையில பஞ்சு ஒட்டியிருக்கு... அட, வாங்க டாக்டர். எப்ப வந்தீங்க? ஏன் ஜன்னல் ஓரமாவே நிக்கறீங்க?

— கொஞ்ச நேரமா இங்கதான் நிக்கறேன் அண்ணா. மெசேஜ் போட்டதுமே பல்லு வந்துடுச்சு.

— டாக்டர், அம்மா சரின்னுட்டாங்க. என்னைக் கிள்ளினாங்க. ரெண்டு வருஷம் டாக்டர், அவங்க மனசு மாறிடுச்சு. நீங்க ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க?

— அம்மா உள்ள வந்ததும் என்ன கேட்டாங்கன்னு தெரியுமா?

— கல்யாணம் எப்போன்னு.

— விமானத்துலேர்ந்து இறங்கினதும் என்கிட்டயும் அதான் கேட்டாங்க. போன வருஷமும் ஃபோன்ல அதான் கேட்டாங்க. ஏன் கேட்டாங்கன்னா, நீங்கதான் அவசரம் வேண்டாம்னு சொல்றீங்கன்னு அவங்ககிட்ட நான் சொல்லி வெச்சிருந்தேன்.

— நானா? நான் எப்ப டாக்டர் அப்படிச் சொன்னேன்?

— இருங்க டாக்டர், எனக்குப் புரியல. அவனுக்கு அம்மாவைச் சாக்காக் காட்டிட்டு, அம்மாவுக்கு அவனைச் சாக்காக் காட்டிட்டு, ரெண்டு பக்கமும் நீங்களே வெச்சுத் தைச்சிருக்கீங்களா?

— ஆமா அண்ணா.

— ஏன் டாக்டர்?

— அம்மா சரின்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. பயந்தது நான்தான், ஒரு தடவை கையெழுத்துப் போட்டுட்டா இந்த ஊரை விட்டு எங்கயும் போக முடியாதேன்னு. ஆனா பல்லைப் பிடுங்கறப்பக்கூட யாரும் என்கிட்ட இப்படிக் கத்தினதில்ல, கல்யாணப் பதிவு ஆபீஸ்ல அஞ்சு மணிக்குள்ள பேரைக் குடுக்கணும், எனக்கு மறுபடி பயம் வர்றதுக்கு முன்னாடி கிளம்புங்க.